வரிவிலக்கும் ஏழையின் பங்கும்



அரசாங்கம் சமய நிறுவனங்களிடம் வரி வாங்கலாமா என்னும் கேள்வி புதியதன்று. திருச்சபை முதன்முதலாகச் சலுகை பெற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள்.

கி.பி. 313-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன், ஆப்பிரிக்க மாகாண ஆளுநர் அனுலினுஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். குருமாரைக் கட்டாயப் பொதுக்கடமைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அவர்கள் இடையூறின்றி இறைபணி ஆற்றினால் நாட்டுக்கு நன்மை உண்டாகும் என்று அவர் கருதினார். இது சிறிய சலுகையன்று. அந்நாட்களில் நகரசபைப் பொறுப்பிலிருந்த செல்வர்களே வரி வசூலுக்குப் பிணை. வசூல் குறைந்தால் தம் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

விளைந்தது என்ன? செல்வர் சிலர் குருப்பட்டத்தை நாடினர். அவர்கள் தேடியது இறை அழைப்பையன்று, விலக்கை. அவர்கள் இறக்கிவைத்த சுமை மற்றவர் தோளில் ஏறியது. ஆகவே அதே பேரரசர் 320-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வாசலை அடைத்தார். காலமான குருமாரின் இடத்தில் வசதி குறைந்தோரையே நியமிக்க வேண்டும் என்றார். பின்னர் வந்த அவருடைய மற்றொரு சட்டம் இதற்குக் காரணமும் கூறியது: செல்வர் உலகக் கடமைகளை ஏற்க வேண்டும், ஏழைகள் சபையின் செல்வத்தால் தாங்கப்பட வேண்டும்.

386-இல் மிலான் நகரப் பேராயர் அம்புரோஸ், ஆரியுஸின் கொள்கையினருக்காக அரசவை கேட்ட ஆலயத்தைக் கொடுக்க மறுத்தார். ஆனால் வரியை அவர் மறுக்கவில்லை. சபையின் நிலங்கள் வரி செலுத்தியே வருகின்றன என்று வெளிப்படையாக அறிவித்தார். ஆலயம் தேவனுக்குரியது என்று உறுதியாக நிற்க அந்த நேர்மை அவருக்குத் துணையாயிற்று.

நம் ஆண்டவரும் தேவாலய வரி கேட்கப்பட்டபோது, பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட்டவர்களல்லர் என்று உணர்த்திய பின்பும், பிறருக்கு இடறலாகாதபடி செலுத்தச் செய்தார் என்று மத்தேயு 17-ஆம் அதிகாரம் கூறுகிறது.

நம் நாட்டில் பதிவுபெற்ற சமய அறக்கட்டளைகளுக்குச் சட்டம் தரும் வருமான வரி விலக்கும் நிபந்தனையற்றதன்று. வருமானம் அதற்குரிய நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். காணிக்கைக்கும் இரக்கப்பணிக்கும் அந்த விலக்குத் தகும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் சபையின் திருமண மண்டபமும் வணிக வளாகமும் ஈட்டும் பணம் ஏழையைச் சென்றடையாமல் தேங்குமானால், அதற்கு வரி கேட்பதை உபத்திரவம் என்று அழைப்பது நமக்குத் தகாது. விலக்களிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் பிற குடிமக்கள் நம்மை நம்பி விட்டுக்கொடுத்த பங்கு.

பிரியமானவர்களே, உங்கள் சபையின் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும் நாளில் கவனமாய்க் கேளுங்கள். விதவைக்கும் அநாதைக்கும் நோயாளிக்கும் எவ்வளவு சென்றது என்று அன்போடு வினவுங்கள். அரசு கேட்கும் முன்னே ஆண்டவர் கேட்கும் கணக்கு அதுவே. உண்மையுள்ள உக்கிராணக்காரராய் நிலைநிற்க அவர் நமக்குக் கிருபை அருள்வாராக. ஆமென்.