எல்லாருக்கும் இருந்தா அது நார்மலா?

போன வாரம் பழைய ஆல்பத்தைப் புரட்டினப்போ ஒரு ஃபோட்டோ. அப்பா ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுக்கிட்டு அக்கா. நான் அப்போ பிறக்கவே இல்லை. அக்கா அன்னிக்கு சுவாசிச்ச புகையில ஈயம் இருந்திருக்கும். இந்தியா முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000-ல்தானே! (ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம் மக்களே. இது காரீயம், ஆள் வேற.)

ஈயத்தை பெட்ரோல்ல கலந்தா எஞ்சின் 'நாக்' ஆகாதுன்னு 1921-ல் கண்டுபிடிச்சவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. 1924-ல் நியூஜெர்சி ஆலை ஒன்றில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலிச்சு செத்தாங்க. ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. காரணம், ராபர்ட் கீஹோ என்ற டாக்டரின் வாதம். ஆபத்துன்னு நிரூபிங்க, நிறுத்திடறோம், அதுவரைக்கும் விற்போம். அவர் ஆய்வுக்குக் காசு கொடுத்தது அதே கம்பெனிகள்தான்.

மனுஷ உடம்பில் ஈயம் இருக்கிறது இயற்கைன்னார் கீஹோ. 100 மில்லி ரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரைக்கும் பயமில்லையாம். ஆதாரம்? கார் வாசனையே படாத மெக்சிகோ கிராமத்து ஜனங்க உடம்பிலும் ஈயம் இருந்தது. ஆனா அவங்க சாப்பிட்டது ஈயம் பூசின மண்பாண்டத்தில்! டெஸ்ட் பண்ண எடுத்த 'சுத்தமான' சர்வரிலேயே வைரஸ் இருந்தா எந்த பக் தெரியும் சொல்லுங்க?

இதை உடைச்சவர் பூமியின் வயசைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன். அவர் லேபில் எதைத் தொட்டாலும் ஈயம் ஒட்டியிருந்தது. எங்கிருந்து வருதுன்னு தேடிப்போய், 1965-ல் எழுதினார்: எல்லாரிடமும் இருக்கிற அளவு வேற, இயற்கையான அளவு வேற. பிறகு பெருவின் பழங்கால எலும்புகளை அளந்தப்போ, நம்ம காலத்து ஆட்களிடம் ஈயம் பல நூறு மடங்கு அதிகம்னு தெரிஞ்சது. 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் குழந்தைகளோட விழுந்த பால் பற்களைச் சேகரிச்சு சோதிச்சார். எந்த நோய் அறிகுறியும் இல்லாத பிள்ளைகள்தான். ஆனா பல்லில் ஈயம் கூடினவங்களுக்கு ஐ.க்யூ. குறைவு.

அப்புறம் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவு இறங்கிக்கிட்டே வந்தது. 1960-களில் 60. 1991-ல் 10. 2012-ல் 5. 2021-ல் 3.5. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இருக்கிறதாவே இப்போ யாரும் சொல்றதில்லை. கடைசி நாடா அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தினதும் அதே 2021-ல்தான். நூறு வருஷம்!

அறுபதுகளில் 59 வந்த குழந்தைக்கு 'நார்மல்'னு சொல்லித்தானே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க?

அக்கா ரத்தத்தை யாரும் அளக்கலை. இப்பவும் என்னைவிட அவதான் கணக்கில் புலி. ஆனா அந்தப் புகை இல்லாம வளர்ந்திருந்தா எப்படி இருந்திருப்பா? அதை ஒப்பிட்டுப் பார்க்க, அந்தப் புகையே படாத இன்னொரு அக்கா எனக்கு இல்லை.