விமானம் தெரியாத தலைவர்

2010 ஜனவரி 19 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது. கடன் ஏறக்குறைய 2.3 லட்சம் கோடி யென். வங்கி, நிதி நிறுவனங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், போருக்குப் பிந்தைய ஜப்பான் கண்ட மிகப் பெரிய திவால் அதுதான். இனி யாரைத் தலைமையில் உட்கார வைப்பது? வலைவீசித் தேடிய பிரதமர் ஹதோயாமாவின் அரசு கடைசியில் பிடித்தது, 78 வயதை எட்டவிருந்த காசுவோ இனாமோரியை.

1959-ல் கியோட்டோவில் கியோசெரா என்ற பீங்கான் உதிரிபாகக் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். பிறகு தொலைபேசித் தொழிலிலும் இறங்கி ஜெயித்தார். 1997-ல் தலையை மழித்து ஜென் துறவியாக தீட்சையும் பெற்றார். விமானத்தோடு அவருக்கிருந்த உறவு, பயணியாக ஏறி இறங்கியது மட்டுமே. பலமுறை மறுத்துவிட்டுத்தான் சம்மதித்தார், சம்பளம் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

வெளியாளைக் கொண்டுவந்து உட்கார வைப்பது இந்தக் கம்பெனிக்குப் புதிதல்ல. 1985 ஆகஸ்ட்டில் 123-ஆம் எண் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அப்போதைய பிரதமர் நகசோனே, கனேபோ ஜவுளிக் கம்பெனியின் ஜுன்ஜி இட்டோவை அழைத்துவந்தார். பிளவுபட்டுக் கிடந்த தொழிற்சங்கங்களை ஒட்டவைக்கப் பார்த்தார் இட்டோ. உள்ளேயும் எதிர்ப்பு, அரசியல் ஆதரவும் கரைந்துபோனது, 1987-ல் விலகிவிட்டார். ஆள் சரியில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் உயிரோடிருக்கும் கம்பெனியில் அமைச்சர், அதிகாரி, சங்கம் என்று ஆளுக்கொரு கயிறு பிடித்திருப்பார்கள். இனாமோரி வந்தபோது அந்தக் கயிறுகளில் பலவற்றைத் திவாலே அறுத்துவிட்டிருந்தது.

பிப்ரவரி 1-ல் பொறுப்பேற்றதும் முதல் சோதனை. அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இருந்த கூட்டணியை முறித்து டெல்டாவோடு சேர்வதா? மீட்புக் குழுவின் கணக்கு டெல்டா பக்கம் சாய்ந்திருந்தது. கூட்டாளிக்கும் பயணிக்கும் இது நியாயமா என்று கேட்டார் கிழவர். கூட்டணி மாறவில்லை.

ஜூன் மாதம் ஐம்பது அதிகாரிகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். பேராசைப்படாதே, பொய் சொல்லாதே என்பதுதான் பாடம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதை எங்களுக்குச் சொல்கிறாரே என்று அவர்கள் முகம் சுளித்தார்கள். வகுப்பு முடிந்ததும் பீர் டப்பா வந்தது, கொறிக்க ஏதாவது வந்தது. துறவியும் கூடவே உட்கார்ந்து பேசினார். வாய்கள் அங்கேதான் திறந்தன. உபதேசத்தைவிட பலித்தது கணக்குதான் என்பது என் கட்சி. மாதக் கணக்கு கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகிக்கொண்டிருந்த கம்பெனியில், எந்த விமானம் லாபம், எது நஷ்டம் என்பது மறுநாளே தெரியும்படி செய்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. வங்கிகள் 50,000 கோடி யென்னுக்கு மேல் கடனைத் தள்ளுபடி செய்தன. பழைய பங்குகள் வெற்றுக் காகிதமாயின. ஓய்வூதியம் வெட்டுப்பட்டது, சுமார் 16,000 வேலைகள் போயின. 2010-ன் கடைசி நாளில் விமானிகளும் பணிப்பெண்களுமாக 165 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நிதியாண்டின் செயல்பாட்டு லாபமோ 18,800 கோடி யென்! லாபம் வரும்போது எதற்கு ஆள்குறைப்பு என்று வழக்குப் போட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். மகானாக மட்டும் இனாமோரியை எழுதுகிறவர்கள் இந்த 165 பேரைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

2012 செப்டம்பரில் கம்பெனி மறுபடி பங்குச் சந்தை ஏறியது. அடுத்த மார்ச்சில் இனாமோரி விலகினார். அதற்கு முன்பே, 2012 பிப்ரவரியில், நிர்வாகத் தலைவர் (பிரசிடென்ட்) நாற்காலியில் ஒரு முன்னாள் விமானியை உட்கார வைத்தாயிற்று. 2018-ல் அந்த இடத்துக்குப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் வந்தார். 2024-ல் வந்த மிட்சுகோ டொட்டோரி, விமானப் பணிப்பெண்ணாக வேலையைத் தொடங்கியவர்.

(தொடரும்)