ஊசிக்குப் பின் வந்ததும் ஊசியால் வந்ததும்



ராயப்பன்பட்டியில் ஃப்ளூ ஊசி போட்டுவந்த நம் பெரியம்மா ஒருவருக்கு அன்று ராத்திரியே கைவலி, காய்ச்சல். "ஊசிதான் காய்ச்சலைக் கொண்டுவந்துருச்சு, யாரும் போடாதீங்க" என்று குடும்பக் குழுவில் ஒரே பேச்சு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சை வைக்க மாட்டேன்.

கிருமியைக் கோழிமுட்டைக்குள் வளர்த்து, செயலிழக்கச் செய்து, 1940களில் அமெரிக்க ராணுவத்தினருக்குப் போட்டார்கள். அன்று மருந்தில் முட்டைச் சத்தும் கலந்திருக்கும்; காய்ச்சலும் அதிகம். 1960களில் சுத்திகரிப்பு மேம்பட்டது, தொந்தரவு குறைந்தது. இன்றும் ஓரிரு நாள் கைவலி, லேசான காய்ச்சல் வரலாம். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கிறது, அவ்வளவே. செத்த கிருமி ஃப்ளூவைத் தராது.

பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1976-ல் பன்றிக் காய்ச்சல் பரவும் என்று அஞ்சி, அமெரிக்காவில் அக்டோபர் 1 முதல் எல்லாருக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள். பத்தே நாளில் பிட்ஸ்பர்க் நகரில் ஒரே மையத்தில் போட்டுக்கொண்ட முதியவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். பல மாநிலங்கள் ஊசியை நிறுத்தின. விசாரித்தால், காரணம் இதய நோய். அதிபர் ஃபோர்டே தொலைக்காட்சி முன் கையை நீட்டினார்.

ஆனால் அதே ஆண்டில் இன்னொன்றும் தெரிந்தது. கை கால் பலமிழக்கும் கில்லன் பாரே என்ற நரம்பு நோய், ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. இது ஊசியோடு தொடர்புடையதுதான். நாலு கோடிப் பேருக்கு மேல் போட்ட நிலையில், டிசம்பர் 16-ல் நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவேயில்லை! முதல் பயம் தப்பு, இரண்டாவது நிஜம். இரண்டையும் பிரித்துக் காட்டியது வதந்தி அல்ல, கணக்கெடுப்பு.

நம் தமிழ்நாட்டிலும் பார்த்தோமே. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டார், 17-ல் மாரடைப்பால் காலமானார். ஊர் முழுக்கப் பயம். மத்தியக் குழு ஆராய்ந்து, இறப்புக்கு ஊசி காரணமல்ல என்றது. அறிக்கை வர மாதங்கள் ஆயின. வாட்ஸ்அப் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டது.

இன்றைய ஃப்ளூ ஊசியில் கில்லன் பாரே பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். ஃப்ளூ காய்ச்சலாலேயே அது வரும் வாய்ப்பு இதைவிட அதிகம். முன்பு அந்த நோய் வந்தவர்கள், ஊசியால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். காய்ச்சல் விடாவிட்டாலோ, காலில் பலம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசிச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.