தந்திக் கம்பி முதல் இணையம் வரை

செய்தி செல்லும் வழி புதிதாகத் திறக்கும்போதெல்லாம் சில தொழில்கள் மறைகின்றன; சில தொழில்கள் பிறக்கின்றன. ஆனால், மறைந்த தொழிலைச் செய்தவர்களே பிறந்த தொழிலுக்கும் உரியவராவர் என்பதற்கு உறுதியில்லை. இணையம் வேலை வாய்ப்பைப் பெருக்குமா, குறைக்குமா என்னும் வினா இன்று பலராலும் எழுப்பப்படுகிறது. அவ்வேலை யாருக்குக் கிடைக்கும் என்னும் வினாவோ அதனினும் முதன்மையானது. அதற்கு விடை காண விரும்புவோர், மலாயாவுக்குத் தந்திக் கம்பி வந்த காலத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1871ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்தி இணைப்பு ஏற்பட்டது. அதுவரை கப்பல் சுமந்து வரும் கடிதத்திற்காக வாரக்கணக்கில் காத்திருந்த வணிகர்கள், இலண்டனில் ஈயம் விற்ற விலையை விரைந்து அறியலாயினர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதல் இரயில் ஓடியது. இருப்புப் பாதை நீண்ட இடமெல்லாம் தந்திக் கம்பியும் நீண்டது. தந்தியடிக்கவும், கணக்கெழுதவும், நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் அறிந்தோர் தேவைப்பட்டனர்.

அப்பணிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பெருமளவில் அமர்ந்தனர். இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1823ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடமொன்றை நிறுவியிருந்தனர். அதனைத் தொடர்ந்து ஆங்கிலப் பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் பரவியிருந்தன. மலாயாவின் அலுவலகங்கள் ஆள் தேடியபோது, படித்த இளைஞர் அங்கே ஆயத்தமாக இருந்தனர். அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். இரு சாராருக்கும் தாய்மொழி ஒன்றே. ஒருவர் கையில் தந்திக் கருவியும் மற்றவர் கையில் பால்மரம் வெட்டும் கத்தியும் இருந்தமைக்கு வறுமை, கடன், ஆட்சியாளரின் ஆள்சேர்ப்பு முறை எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், பள்ளி இருந்ததும் இல்லாததும் அவற்றுள் தலையாய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில ஆண்டுக் கல்வி என்ற அளவிலேயே பல பள்ளிகள் அமைந்தன. எழுத்தறிவித்த பெருமை அப்பள்ளிகளுக்கு உண்டு. ஆனால், அங்கிருந்து தந்தி அலுவலகத்திற்குச் செல்லும் பாதை போடப்படவில்லை. பிள்ளை மீண்டும் பால்மரத்தடிக்கே சென்றது.

இந்த வரலாற்றின் அடுத்த பகுதி சிலாங்கூரிலிருந்த பிராங் பெசார் என்னும் தோட்டத்தில் நிகழ்ந்தது. மலாய்மொழியில் 'பெரும்போர்' எனப் பொருள்படும் இப்பெயர், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படையினர் அத்தோட்டத்தை அமைத்ததால் வந்தது. உலகின் பல நாடுகளில் நடப்பட்ட பி.பி. 86 என்னும் உயர்ரக ரப்பரில் உள்ள 'பி.பி.' என்பது இத்தோட்டத்தின் பெயர்ச் சுருக்கமே. அங்கும் அதனை அடுத்த தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து உழைத்தன.

1993ஆம் ஆண்டில் கூட்டரசின் புதிய நிருவாக மையத்திற்கு அவ்விடமே தெரிவு செய்யப்பட்டது. அதுவே இன்றைய புத்ராஜெயா. இதற்கிடையில், 1987இல் பல்கலைக்கழகங்களை இணைத்த ரங்கோம் கணினி வலையும், 1992இல் ஜாரிங் இணைய இணைப்பும் நாட்டில் தோன்றியிருந்தன. 1996இல் தொடங்கப்பெற்ற பல்லூடகப் பெருவழித் திட்டம், கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து புதிய விமான நிலையம் வரை, 50 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பைத் தகவல் தொழில்நுட்பத்திற்கென ஒதுக்கியது. 1997 மே மாதத்தில் சைபர்ஜெயா திறப்பு விழாக் கண்டது.

நாட்டின் மிக விரைவான இணைய இணைப்பு, பால்மரங்கள் நின்ற மண்ணுக்கே வந்து சேர்ந்தது. ஆனால், அம்மண்ணில் உழைத்தவர்கள் டிங்கில் வட்டாரத்தின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். புதிய நகரங்கள் கணினிப் பொறியாளரையும், நிரல் எழுதுவோரையும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவோரையும் தேடின. பால் வெட்டிப் பழகிய கைகளுக்கு அங்கே எளிதில் எட்டக்கூடியவை துப்புரவு, காவல், பூங்காப் பராமரிப்பு முதலிய பணிகளே. கம்பி காலடிக்கு வந்தும் வேலை கைக்கு வரவில்லை. தந்திக் காலத்தில் நிகழ்ந்ததே நூற்றாண்டு கடந்தும் நிகழ்ந்தது.

2012ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளோடு மலேசியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய மாதத்தில், பின்னாளில் கிராப் எனப் பெயர் பெற்ற மைதெக்சி சேவை கோலாலம்பூரில் தொடங்கியது. கைப்பேசியும் இணையமும் ஊர்தியும் உடையவர் எவரும், பட்டச் சான்றிதழ் இன்றியே அன்றாடம் வருவாய் ஈட்டும் வழி விரிந்தது. ஆலை மூடியபோதும் வேலை போனபோதும் பல குடும்பங்களைக் காத்தது இவ்வழியே. இதனை இணையம் அளித்த நன்மையாகக் கொள்வதே நேர்மை.

எனினும், இத்தொழிலின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோருக்குப் பழைய கங்காணி முறை நினைவுக்கு வரும். தன்னால் சேர்க்கப்பட்ட ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இன்றோ ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. அன்றைய தொழிலாளி கங்காணியின் முகத்தையாவது கண்டான். இன்றைய ஓட்டுநர் காண்பது கைப்பேசித் திரையை மட்டுமே. ஊழியர் சேம நிதிச் சட்டம் 1951இலும், சொக்சோ சட்டம் 1969இலும் வந்தன. அவை முதலாளியின்கீழ்ப் பணியாற்றுவோரைக் கருதி எழுந்தவை. முதலாளி யார் என்றே தெளிவில்லாத இப்புதிய தொழிலுக்கு அவை எளிதில் பொருந்தவில்லை. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வாடகைக் கார் ஓட்டுநரைத் தழுவியது. 2025இல் இத்தகைய தொழிலாளருக்கெனத் தனிச் சட்டமொன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழில் முன்னே ஓடுவதும் சட்டம் பின்னே நடப்பதும் தோட்டக் காலத்திலிருந்தே காணப்படும் உண்மையாகும்.

2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, இணையம் உடையோர்க்கும் இல்லாதோர்க்கும் இடைப்பட்ட வேற்றுமை வெளிப்படையாயிற்று. கணினியில் பணி செய்வோர் பலர் வீட்டிலிருந்தே ஊதியம் பெற்றனர். கையால் உழைப்போர் பலர் வருவாய் இழந்தனர். சபா மாநிலத்தில் ஒரு மாணவி, இணையத் தொடர்பு வேண்டி மரத்தின்மேல் அமர்ந்து தேர்வு எழுதிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவள் ஏறியது ஒரு மரத்தின்மேல் மட்டுமன்று. தன் எதிர்கால வேலைக்கான முதற் படியிலும் அன்றோ!

தந்தி, இரயில், இணையம் ஆகிய மூன்றும் உரைக்கும் பாடம் ஒன்றே. கம்பியை நிறுவனம் இழுத்துவிடும். கருவியைக் கடை விற்றுவிடும். அக்கருவியைக் கொண்டு பிழைப்பதா, அக்கருவிக்கு அடங்கிப் பிழைப்பதா என்பதைக் கல்வியே முடிவு செய்கிறது. வட்டுக்கோட்டையில் பள்ளி எழுந்தது, மலாயாவுக்குத் தந்தி வருவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலை வரும்போது படிக்கத் தொடங்கியவர்க்கு அது கிடைக்கவில்லை. வருவதற்கு முன்பே படித்திருந்தவர்க்குக் கிடைத்தது. தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் இன்று அமரும் பிள்ளைக்கும் இவ்விதி பொருந்தும்.