முக்குவர் வழமையும் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும்

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் முன்னாளில் வழங்கிய முக்குவர் வழமை இன்று நியாயத்தலங்களில் எடுத்தாளப்படுவதில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதனை நீக்கிவிட்டது என்பது சட்டம் பயின்றோர் ஒப்பிய முடிபு. ஆக்கினோர் அதனை நீக்கவே கருதினரோ, மறந்துவிட்டனரோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அவ்வழமையின் உயிர்நாடி தாய்வழி உரிமையாகும். ஒருவன் தானே உழைத்துச் சேர்த்த தேடிய தேட்டம் அவன் பிள்ளைகளைச் சாரும். குடிவழி வந்த முதுசமோ பிள்ளைகளுக்கன்றி, அவன் உடன்பிறந்தாளின் மக்களுக்கே செல்லும். முதுசக் காணியை ஆண்மகன் ஆண்டு அனுபவித்தான் எனினும், அது அவன் தாயின் குடிக்கே உரியதென்பது கொள்கை.

1876ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேர்மாறானது. மரணசாதனம் எழுதாது இறந்தவரின் சொத்தில் பாதி, உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ உரியது. எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடப்படும். மருகனுக்கு அங்கே இடமில்லை.

சட்டத்தின் கருத்தை அறிதற்கு ஆங்கில நீதிபதிகள் 1584ஆம் ஆண்டு ஹேடன் வழக்கில் ஒரு நெறி வகுத்தனர். முன்னிருந்த சட்டம் யாது, அது தீர்க்காத குறை யாது, புதுச்சட்டம் அளித்த பரிகாரம் யாது, அதன் மெய்க்காரணம் யாது என வினவுதலே அந்நெறி. சபையில் நிகழ்ந்த விவாதத்தைப் புரட்டிப் பார்க்க இங்கிலாந்து நியாயத்தலங்கள் நெடுங்காலம் இசையவில்லை. 1992ஆம் ஆண்டு பெப்பர் – ஹார்ட் வழக்கிலேயே அக்கதவு சிறிது திறந்தது. ஆகவே சட்டவாசகமே முதற்சான்று.

அவ்வாசகம் கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகிய மூவகையாருக்கு விலக்களிக்கின்றது. கிழக்கு மாகாணத்து முக்குவர் அவ்வரிசையில் இலர். சிலரைப் பெயர் சுட்டி விலக்கினால் ஏனையோர் அடங்குவர் என்பது சட்டப்பொருள் காணும் முறை. முக்குவர் வழமை கெட்டது இங்ஙனம் ஒரு மௌனத்தினாலேயாம்.

அது அறியாமையால் நேர்ந்ததென்று சொல்லவும் இயலாது. மட்டக்களப்பு நியாயத்தலங்கள் 1876க்கு முன்னரே அவ்வழமையைத் தழுவித் தீர்ப்பளித்திருந்தன. பின் ஏன் தேசவழமைக்குக் கிடைத்த காப்பு இதற்குக் கிட்டவில்லை? தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். 1806இல் ஆங்கில அரசு அதனைச் சட்டமாக ஏற்றது. முக்குவர் வழமையோ ஏட்டிலேறாது வாய்வழக்கில் நின்றது. அதனை ஆங்கிலத்தில் நூலாக்கிய கிறிஸ்தோப்பர் பிறிற்றோ அந்நூலை வெளியிட்ட ஆண்டும் 1876 என்பது காலத்தின் விளையாட்டே. சட்டநிரூபண சபையில் அன்று நாடு முழுவதற்கும் தமிழருக்கென இருந்த ஆசனமும் ஒன்றே.

பகைமையோ மறதியோ காரணமன்று. எழுத்தில் உள்ளதைக் காத்து, எஞ்சியதை ஒரே சட்டத்துள் அடக்கும் ஆட்சிமுறையே காரணம் என்பது எம் துணிபு. மருமக்கள் முறையைச் சபை எடைபோட்டுத் தள்ளியதென்பதற்கு வாசகத்தில் ஒரு சொல்லுமில்லை.

மரபுரிமையில் சட்டம் தொட்டது மரணசாதனமின்றி இறந்தோர் சொத்தை மாத்திரமே. உயிரோடிருக்கும்போது எழுதும் உறுதியை அது தடுக்கவில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெற்றோர் வீட்டையும் வயலையும் பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதுவதும், மணமகன் மனைவி வீட்டிற் குடிபுகுவதும் பின்னரும் நின்று நிலவின. கோயில் வண்ணக்கர் உரிமையிலும் திருவிழாவிலும், இன்ன குடியான் என்பது இன்றும் தாயைக்கொண்டே அறியப்படுகின்றது.