நின்றாளா, நிறுத்தினார்களா?

ரிட்ரெஞ்ச் என்று ஓர் ஆங்கில வினைச்சொல். பேச்சில் அதிகம் வராது. சட்டப் புத்தகத்திலும் ஆலை அறிவிப்பிலும்தான் பார்க்கலாம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேர்ப்பொருள், வெட்டுதல். போர்க்களத்துக் குழியைச் சொல்லும் டிரெஞ்சுக்கும் அதுவே வேர். 17ஆம் நூற்றாண்டில் அது செலவை வெட்டுவதைக் குறித்தது. கூலியும் செலவாக எண்ணப்பட்டபின் வெட்டு ஆள்மேல் விழுந்தது. தமிழில் ஆட்குறைப்பு என்கிறோம்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இச்சொல்லுக்கு 1953 திருத்தம் வரையறை தந்தது. ஒழுங்கு நடவடிக்கையாக இல்லாமல், வேறு எக்காரணத்துக்காகவும் முதலாளி ஒருவரது வேலையை முடித்தால் அது ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு தரவேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. அதாவது, வெட்டுகிறவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அதே வரையறை சிலரை வெளியே நிறுத்தியது. விருப்ப ஓய்வு ஆட்குறைப்பு ஆகாது. ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாததும் ஆகாது என்று 1984 திருத்தம் சேர்த்தது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை தொடங்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. இருபதுகளில் இருந்த பெண்களுக்கு ஓய்வு! அதற்கு விருப்பம் என்று அடைமொழி வேறு.

வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது நான் இந்தச் சாலையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலைக்குப் போய்வந்த பெண்ணைக் கேட்டால் "நின்னுட்டேன்" என்பாள். நின்றாள் என்பது தன்வினை. செய்தவள் அவளே. நிறுத்தினார்கள் என்றால்தான் இன்னொருவர் வாக்கியத்துக்குள் வருகிறார். ஒப்பந்தம் முடிந்தாலும், ஆலை மூடினாலும் ஊரார் கேட்பது "கல்யாணத்துக்காக நின்னுட்டியா?" என்றுதான். வீடும் சட்டமும் ஒரே இலக்கணம் பேசுகின்றன.

ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தியிருக்கிறது. குறித்த காலப் பணி முடிவதையும் ஆட்குறைப்புக் கணக்கில் அது சேர்க்கவில்லை.

பெண்களின் உழைப்பு வரலாற்றை எழுத வரும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். "நின்னுட்டேன்" என்று ஒரு பெண் சொன்னால் அங்கேயே குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். எழுவாய் அங்கே இருக்கும்.