திருவாளர் 'ஏ'

காஷ்மீர மன்னர் ஹரி சிங் என்றதும், 1947 அக்டோபர் 26 அன்று இணைப்புப் பத்திரத்தில் அவர் இட்ட கையெழுத்தே மாணவர்கள் நினைவுக்கு வரும். சங்கராபுரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, அவர் முன்னரே இட்ட வேறிரு கையெழுத்துகளின் வரலாற்றையும் வகுப்பில் கூறுவதுண்டு. அவை காசோலைகளில் இட்டவை.

1919ஆம் ஆண்டில் ஹரி சிங், இருபத்துநான்கு வயது இளவரசராக ஐரோப்பாவில் தங்கியிருந்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் கேப்டன் ஆர்தர் என்னும் ஆங்கிலேயர். இலண்டனில் திருமதி ராபின்சன் என்னும் மாது இளவரசருக்கு அறிமுகமானார். அறிமுகம் காதலாக முதிர்ந்தது. டிசம்பரில் இருவரும் பாரிஸ் விடுதியொன்றில் தங்கியிருக்கையில், அந்நியர் ஒருவர் திடீரென அறைக்குள் நுழைந்தார். அவரே அம்மாதின் கணவர் என்று இளவரசர் நம்பினார். உண்மையில் அவர் நியூட்டன் என்னும் கைதேர்ந்த மோசக்காரர்.

செய்தி வெளியானால் அரியணைக்கே கேடு என்று இளவரசர் அஞ்சினார். ஆலோசனை கூறிய ஆர்தரோ சதியில் ஒருவர். வேலியே பயிரை மேய்ந்தது. தலைக்கு 1,50,000 பவுனாக இரு காசோலைகள் எழுதப்பட்டன. ஒன்று பணமாயிற்று, மற்றொன்று தடுத்து நிறுத்தப்பட்டது.

இனித்தான் இரண்டாவது வஞ்சகம் தொடங்குகிறது. ஹாப்ஸ் என்னும் வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், மிட்லண்ட் வங்கியில் ராபின்சன் பெயரால் கணக்குத் தொடங்கிக் காசோலையை மாற்றினார். உண்மையான கணவராகிய ராபின்சனிடம், இளவரசர் தந்தது 25,000 பவுனே என்றார். அதிலும் 4,000 பவுனைத் தம் கட்டணமாகக் கழித்துக்கொண்டு 21,000 பவுனைக் கொடுத்தார். எஞ்சிய 1,25,000 பவுனும் சதிகாரர் கைக்குப் போயிற்று.

பின்னர் உண்மையறிந்த ராபின்சன், அத்தொகை தமக்கே உரியதென்று வங்கியின்மீது வழக்குத் தொடுத்தார். 1924 நவம்பரில் நீதிபதி டார்லிங் முன் விசாரணை நடைபெற்றது. நியூட்டனே வங்கியின் சாட்சியாக வந்து சதியை விளக்கினார். அம்மாது சதியில் பங்கு கொண்டவரா, அன்றி வெறுங்கருவியா என்பது பற்றி நீண்ட வாதம் நிகழ்ந்தது. ராபின்சன் தோற்றார். ஹாப்ஸ் 1925இல் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆர்தரைப் பிரான்சு நாட்டு நீதிமன்றம் தண்டித்தது.

இவ்வழக்கில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தியா அமைச்சின் விருப்பப்படி, நீதிமன்றத்தில் இளவரசர் 'திருவாளர் ஏ' என்றே குறிக்கப்பட்டார். எனினும் வழக்கு முடியுமுன்னரே பெயர் வெளியாகி, உலகமெங்கும் பத்திரிகைகளில் பரவியது. வஞ்சகர் கையில் இருந்த ஆயுதம் பொய்மட்டுமன்று. வெளியே தெரிந்துவிடுமோ என்னும் இளைஞரின் அச்சமே அவர்களுக்குப் பெருந்துணை. இளவரசர் தம் பெரியோரிடம் அன்றே உண்மையைக் கூறியிருந்தால், முதற்காசோலையும் பணமாகியிராது. ஆங்கில அரசும் அதே மறைப்பையே காவலாகக் கொண்டது, அக்காவலும் பயன்படவில்லை.

ஒருவரை அவருடைய இளமைப் பிழைகொண்டு மட்டும் அளப்பது வரலாற்று முறையன்று. 1925இல் அரியணையேறிய ஹரி சிங், 1932இல் தம் நாட்டு அரசுக் கோயில்களைத் தாழ்த்தப்பட்டோர்க்கும் திறந்துவிட்டார். அக்காசோலைகளையும் இச்செயலையும் 1947ஆம் ஆண்டுக் கையெழுத்தையும் சேர்த்து நோக்குவோரே அவரை முழுமையாக அறிவர்.